எம்.ஆர்.சி. 826: குதிரையின் மூளையிலிருந்து கூழ்ப் பானை வரை

தென்னாப்பிரிக்க மருத்துவ ஆய்வு மன்றத்தின் பூஞ்சைச் சேமிப்பில் எம்.ஆர்.சி. 826 என்ற எண்ணோடு ஒரு வளர்ப்பு உண்டு. 1975-இல், இன்று கிழக்குக் கேப் மாகாணத்தில் அடங்கும் டிரான்ஸ்கை பகுதியில் விளைந்த மக்காச்சோளத்திலிருந்து பிரித்தெடுத்தது. இனத்தின் பெயர் ஃபியூசேரியம் வெர்டிசில்லியாய்டிஸ். பழைய கட்டுரைகளில் ஃபியூசேரியம் மொனிலிஃபார்மே என்று இருக்கும். தட்டில் வளரவிட்டால் முதலில் வெள்ளையாகப் படரும், நாளாக நாளாக ஊதா நிறம் ஏறும். பார்வைக்கு இதில் சிறப்பாக ஒன்றும் இல்லை. உலகின் மக்காச்சோள வயல்களில் எங்கு தேடினாலும் கிடைக்கும் பூஞ்சைதான். ஆனால் ஃபியூமோனிசின் என்ற நச்சை முதன்முதலில் பிரித்தெடுத்தது இந்த வளர்ப்பிலிருந்துதான். அந்த நச்சைச் செய்யும் மரபணுக்களைப் பற்றிய பிற்கால ஆய்வுகளிலும் இதே எண் அடிக்கடி தலைகாட்டும். அதனால் இந்த ஒரே வளர்ப்பை வழக்காக எடுத்துக்கொண்டு, பூஞ்சை எப்போது நச்சு செய்கிறது, எதற்காகச் செய்கிறது என்று பார்க்கிறேன்.

தமிழில் இதை எழுதக் காரணம் உண்டு. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாக 1860 முதல் வந்த நம் முன்னோருக்கு அரிசி கிடைக்காதபோது படியளந்தது மீலி மாவுதான். மீலி என்பது மக்காச்சோளத்துக்கு இங்குள்ள பெயர். இன்று டர்பன், சாட்ஸ்வொர்த், வெருலம், டொங்காட் என்று எங்கு போனாலும் ஆடி மாத மாரியம்மன் கூழ் பெரும்பாலும் அந்த மாவில்தான் கொதிக்கிறது. கேழ்வரகு இங்கே அருமை. வேப்பிலைக்குப் பதில் சிரிங்கா எனப்படும் மலைவேம்பின் இலை, கேழ்வரகுக்குப் பதில் மீலி. இந்த ஊரில் பிறந்த வழக்கம் அது. கூழுக்குக் கை கொடுப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: பூசணம் பிடித்ததைப் பொறுக்கி எறிந்துவிட்டால் மீதி நல்லதுதானே? "பெரும்பாலும் ஆமாம், ஆனால் நீங்கள் நினைக்கும் காரணத்தால் அல்ல" என்பதே சரியான பதில். அதை விளங்க வைக்கக் குதிரையில் தொடங்க வேண்டும்.

நோய்

பூசணம் பிடித்த சோளம் (இங்கே சோளம் என்பதெல்லாம் மக்காச்சோளமே) குதிரைக்கு ஆகாது என்பது ஆராய்ச்சியாளர்களுக்கு முன்பே குதிரை வளர்ப்பவர்களுக்குத் தெரியும். 1902-இல் அமெரிக்காவில் பட்லர் என்பவர் அப்படிப்பட்ட சோளத்தைக் குதிரைக்குத் தின்னக் கொடுத்து நோயை வரவழைத்தே காட்டிவிட்டார். நோய் கண்ட குதிரை தீனி எடுக்காது. கால் பின்னும். கண் தெரியாததுபோல் வட்டமடிக்கும், சுவரில் தலையை அழுத்திக்கொண்டு நிற்கும். சில நாளில், சில சமயம் சில மணி நேரத்தில், விழுந்து சாகும். மண்டையைத் திறந்தால் மூளையின் வெண்பகுதி கரைந்து குழியாகியிருக்கும்.

பிரிட்டோரியாவை அடுத்த ஆண்டர்ஸ்டபூர்ட்டில் ஆர்னால்ட் தைலர் 1908-இல் தொடங்கிய கால்நடை ஆய்வு நிலையம் இருக்கிறது. கெல்லர்மன், மாரசாஸ் ஆகியோர் அடங்கிய குழு, இந்தப் பூஞ்சையை வளர்த்த தீனியால் குதிரை இனத்துக்கு அதே நோய் வருவதை 1972-இல் அங்கிருந்து அறிவித்தது. பூஞ்சைதான் குற்றவாளி என்பது உறுதியாயிற்று. ஆனால் பூஞ்சை எந்தப் பொருளைக் கொண்டு இதைச் செய்கிறது என்று கண்டுபிடிக்க இன்னும் 16 ஆண்டுகள் ஆயின.

ஏன் அவ்வளவு தாமதம்? அஃப்லடாக்சின் என்ற வேறொரு பூஞ்சை நச்சு புறஊதா விளக்கின் கீழ் நீலமாகவோ பச்சையாகவோ ஒளிரும். தேடுகிறவருக்கு அது தானே வழிகாட்டும். ஃபியூமோனிசின் ஒளிராது, புறஊதாக் கதிரைக் குறிப்பிடும்படி உறிஞ்சுவதும் இல்லை. போதாக்குறைக்கு அது நீரில் கரைகிறது. அந்தக் காலத்தில் நச்சு தேடியவர்கள் பெரும்பாலும் குளோரோஃபார்ம் போன்ற கரைப்பான்களால் வடித்து, அதில் வந்ததை ஆராய்ந்தார்கள். இந்த நச்சு, கொட்டிவிடும் நீரோடு போய்க்கொண்டிருந்தது.

இடையில் வேறொன்றின் மேல் சந்தேகம் போனது. இதே பூஞ்சை ஃபியூசரின் சி என்ற மஞ்சள் பொருளையும் செய்கிறது. பாக்டீரியாவில் வைத்துச் சோதித்தால் மரபணுப் பிறழ்வை உண்டாக்கும். டிரான்ஸ்கையின் சில மாவட்டங்களில் உணவுக்குழாய்ப் புற்றுநோய் உலகிலேயே மிக அதிகமான இடங்களில் சேரும் அளவுக்கு இருந்தது. அங்குள்ளவர்களின் அன்றாட உணவு வீட்டில் விளைந்த மக்காச்சோளம். பிறழ்வு உண்டாக்கும் பொருள் ஒன்று கையில் கிடைத்ததும் அதுவே காரணம் என்று நினைக்கத் தோன்றியது இயல்புதான். ஆனால் விலங்குச் சோதனையில் ஃபியூசரின் சி புற்றுநோயை உண்டாக்கவில்லை. கேப் டவுனை அடுத்த தாய்கர்பர்க்கில் இருந்த மருத்துவ ஆய்வு மன்றக் குழு வேறு வழிக்கு மாறியது. வென்ட்சல் கெல்டர்ப்ளோமும் கூட்டாளிகளும், எலியின் ஈரலில் புற்றுநோயைத் தூண்டும் ஆற்றல் வடித்தெடுத்த எந்தப் பகுதியோடு போகிறது என்று படிப்படியாகத் துரத்தினார்கள். நிறத்தையோ ஒளியையோ நம்பாமல் விளைவையே தடயமாக வைத்துக்கொண்டது அவர்களுடைய கெட்டிக்காரத்தனம். 1988-இல் ஃபியூமோனிசின் பி1, பி2 இரண்டும் கிடைத்தன. எடுத்தது எம்.ஆர்.சி. 826-இன் வளர்ப்பிலிருந்து. அதே ஆண்டில் மூலக்கூறின் அமைப்பும் வெளியானது. ஆண்டர்ஸ்டபூர்ட் குழு தூய பி1-ஐ உடல் எடையில் கிலோவுக்கு 0.125 மில்லிகிராம் வீதம் ஒரு குதிரையின் இரத்தக்குழாயில் 7 முறை செலுத்தியது. மூளை கரையும் அதே நோய் வந்தது. குதிரை வழக்கைப் பொறுத்தவரை தீர்ப்பு அன்றே எழுதப்பட்டுவிட்டது.

மனிதர்களின் வழக்கு அப்படி முடியவில்லை. உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குப் புகையிலை, மது, சத்துக்குறைவு என்று பல காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை ஃபியூமோனிசின் பி1-ஐ "மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும்" என்ற 2பி வகையில்தான் வைத்திருக்கிறது. அதைவிடக் கூட்டிச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. ஒன்றுமே இல்லை என்கிறவர்களையும் அப்படித்தான்.

நச்சு உடலில் செய்வது

பி1-இன் வடிவத்தை வரைந்தால் நீண்ட கரிமச் சங்கிலியும் ஒரு முனையில் அமீனும் தெரியும். நம் உயிரணுக்களில் இருக்கும் ஸ்ஃபிங்கானின் என்ற கொழுப்புப் பொருளின் சாயல் அது. ஸ்ஃபிங்கானினிலிருந்து செரமைடு என்ற கொழுப்பைச் செய்ய உதவும் செரமைடு சிந்தேஸ் என்ற நொதி இதில் ஏமாறி முடங்குகிறது. செரமைடு உண்டாவது தடைப்பட, ஸ்ஃபிங்கானின் தேங்குகிறது. இதை 1991-இல் வாங், ரைலி, மெரில் ஆகியோரின் குழு காட்டியது. குதிரைக்கு மூளை, பன்றிக்கு நுரையீரலில் நீர்க்கோவை, எலிக்கு ஈரலும் சிறுநீரகமும் என்று விலங்குக்கு விலங்கு உறுப்பு மாறினாலும் அடிவேர் இந்த ஒரே தடைதான்.

உயிரணுச் சவ்வில் ஃபோலேட் என்ற வைட்டமினை (ஃபோலிக் அமிலம் இதன் ஒரு வடிவம்) உள்ளே எடுக்கும் ஏற்பிகளும் இந்தக் கொழுப்புகளைச் சார்ந்தவை. கருவில் நரம்புக்குழாய் சரியாக மூடாத குறைக்கும் ஃபியூமோனிசினுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயம் இங்கிருந்து எழுகிறது. 1990-91-இல் டெக்சாஸ் எல்லைப்புறத்தில் இத்தகைய பிறப்புகள் கூடியபோது அந்த ஐயம் பலமாகப் பேசப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் 2003 முதல் கடையில் விற்கும் மீலி மாவில் ஃபோலிக் அமிலம் சேர்ப்பது கட்டாயம். சொந்த வயல் சோளத்தைச் சொந்தமாக அரைத்து உண்பவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. நச்சு கூடுதலாக இருக்க வாய்ப்புள்ளதும் அவருடைய சோளம்தான்.

17 மரபணுக்கள்

வழக்கின் சாரமான பகுதி இங்கேதான் இருக்கிறது.

அமெரிக்க வேளாண்துறையின் பியோரியா ஆய்வகத்தில் ப்ராக்டர், டெஜார்டின் குழு 1999-இல் ஃபியூமோனிசினுக்கு அடித்தளமான மரபணுவைப் பிடித்தது. இன்று அதன் பெயர் ஃபம்1. அதைச் சிதைத்தால் நச்சு வருவதே இல்லை. 2003-இல் அதன் அக்கம்பக்கத்தையும் படித்து முடித்தார்கள். நச்சுக்கு வேண்டிய மரபணுக்கள் எல்லாம் ஒரே சுவரை ஒட்டிக் கட்டிய பங்காளி வீடுகள் போலக் குரோமோசோமில் அடுத்தடுத்து இருந்தன. முதலில் 15 என்று எண்ணினார்கள், பிறகு சேர்ந்தவற்றோடு 17. விசை விழுந்தால் இவை ஏறக்குறைய ஒன்றாக விழித்துக்கொள்கின்றன, ஒன்றாக அடங்குகின்றன.

வேலைப் பங்கீடு தெளிவானது. ஃபம்1 பதினெட்டு கரிம அணுக்கள் கொண்ட சங்கிலியைப் பின்னும். ஃபம்8 அதன் முனையில் அலனின் என்ற அமினோ அமிலத்தைச் சேர்க்கும். ஃபம்6, ஃபம்2, ஃபம்3 ஆகியவை அங்கங்கே ஆக்சிஜன் ஏற்றும். ஃபம்14 பக்கவாட்டில் இரண்டு அமிலக் கிளைகளை ஒட்டும். எந்தக் கை நின்றது என்பதை விளைபொருளைப் பார்த்தே சொல்லிவிடலாம்: ஃபம்2 பழுதானால் பி1 வராது, பி2 வரும், ஃபம்3 பழுதானால் பி3 என்ற இன்னொரு வகை வரும்.

இந்த நச்சு செரமைடு நொதியை முடக்கும் என்றோமே, பூஞ்சைக்கும் செரமைடு வேண்டாமா? வேண்டும். அதற்கும் இதே தொகுப்புக்குள் ஏற்பாடு இருக்கிறது. ஃபம்18 செரமைடு சிந்தேஸ் ஒன்றைத் தருகிறது. நச்சு சுரக்கும்போது பூஞ்சையைக் காப்பது அது என்று 2020-இல் தெரியவந்தது. விஷத்தையும் மாற்று மருந்தையும் ஒரே முகவரியில் வைத்திருக்கிறது பூஞ்சை.

தொகுப்புக்கு உள்ளேயே ஒரு மேலாளும் உண்டு: ஃபம்21. துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு டி.என்.ஏ.வில் உட்காரும் வகைப் புரதம் அது. அதை நீக்கிய பூஞ்சையில் ஃபம்1, ஃபம்8 இரண்டும் கிட்டத்தட்டப் பேச்சே இல்லை. ஆனால் ஃபம்21-ஐ யார் எழுப்புவது என்ற கேள்வி தொகுப்புக்கு வெளியே இழுத்துக்கொண்டு போகிறது.

வெளியே இருக்கும் விசைகள்

பர்டூ பல்கலைக்கழகத்தில் சிம், வொலோஷுக் இருவரும் 2001-இல் ஒரு பழுதான பூஞ்சையைக் கண்டார்கள். சோள மணியில் அது வளர்ந்தது, நச்சு மட்டும் செய்யவில்லை, வித்துகளும் குறைவு. உடைந்திருந்த மரபணு எஃப்.சி.சி.1, உயிரணுவின் உள்விவகாரங்களில் கைவைக்கும் சைக்ளின் வகை. அதே பூஞ்சையை அமிலம் கூடிய ஊடகத்தில் வளர்த்தபோது நச்சு திரும்பி வந்துவிட்டது. ஆக, நச்சைச் செய்யும் கருவிகள் அத்தனையும் அதனிடம் பழுதில்லாமல் இருந்தன. சூழலை உள்ளே எடுத்துச் சொல்லும் வழிதான் அறுந்திருந்தது.

அமிலத்தின் கணக்கு இரண்டு ஆண்டில் இன்னும் தெளிந்தது. பாக்1 என்ற மரபணு காரச் சூழலில் நச்சுத் தொகுப்பை அடக்கி வைக்கிறது. பாக்1 செயலிழந்த பூஞ்சை, இயல்பான பூஞ்சை வாயே திறக்காத காரச் சூழலிலும் நச்சு செய்கிறது. நைட்ரஜனுக்கு ஏரியா என்று இன்னொரு மரபணு: நைட்ரஜன் தட்டுப்பாட்டில்தான் ஃபியூமோனிசின் ஓங்குகிறது, அந்தத் தட்டுப்பாட்டை உணர்ந்து சொல்ல ஏரியா வேண்டும். மூன்றாவது மாவுப்பொருள். அமைலோபெக்டின் என்ற கிளைவிட்ட மாவுப்பொருள் கிடைத்தால் நச்சு கூடுகிறது. மாவுப்பொருளை உடைக்கும் அமைலேஸ் நொதியை இழந்த பூஞ்சையில் அந்தத் தூண்டுதல் வலுவிழக்கிறது.

இந்த மூன்றையும் ஒரு மணிக்குள் வைத்துப் பார்க்கலாம். மணி இளம் பருவத்தில் நீர்க்கோத்து இருக்கும்போது மாவு இல்லை, நைட்ரஜன் அதிகம். பூஞ்சை அதைத் தின்றால் சூழல் காரமாகிறது. மணி முற்றி மேலே குழி விழும் பருவத்தில் மாவு நிறைந்திருக்கிறது. பூஞ்சை தின்னத் தின்ன அமிலம் ஏறுகிறது. முதல் நிலையில் நச்சு சொற்பம், இரண்டாவதில் ஏராளம். 2003-இல் பர்டூ குழு இன்னும் நேராகச் சோதித்தது: மணியின் முளையைத் தனியாகவும் முளை நீக்கிய மணியைத் தனியாகவும் பூஞ்சைக்குக் கொடுத்தது. 10 நாளில் முளையில் பி.எச். (அமில-கார அளவு, 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 6.4-லிருந்து 8.5-க்கு ஏறியது, முளை நீக்கிய மணியில் 4.8-க்கு இறங்கியது. பி1 முளை நீக்கியதில் 5 மடங்கு. ஒரே பூஞ்சை, ஒரே மணியின் இரண்டு துண்டுகள்.

கூழ் காய்ச்சுகிறவருக்கும் ஆலைக்காரருக்கும் பயன்படும் செய்தி இதில் இருக்கிறது. பூசணத்தின் படர்ச்சியை வைத்து நச்சை அளக்க முடியாது. முளையில் செழித்து வளர்ந்த பூஞ்சை கொஞ்சமே நச்சு செய்திருக்கலாம். மாவுப்பகுதியில் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்தது நிறையச் செய்திருக்கலாம். இங்கே ஒரு குழப்பம் வரக்கூடும். ஆலையில் அளந்தால் தவிட்டிலும் முளையிலும்தான் நச்சு அதிகம், வெள்ளை மாவில் குறைவு. இதற்கும் ஆய்வக முடிவுக்கும் முரண்பாடு இல்லை. வயலில் பூஞ்சை மணியின் நுனி வழியாகவும் தோலின் வெடிப்பு வழியாகவும்தான் நுழைகிறது, தோலுக்கடியில்தான் முதலில் குடியேறுகிறது. எங்கே நுழைந்தது என்பதை ஆலையின் அளவு சொல்கிறது. நுழைந்த இடத்தில் எதைத் தின்றால் விசை விழும் என்பதை ஆய்வகம் சொல்கிறது.

இந்த விசைகளுக்கெல்லாம் மேலே வெல்வெட் என்ற புரதக் குடும்பம் இருக்கிறது. வளர்ச்சி, வித்து, நச்சு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் உயர்மட்டம். ஆஸ்பர்ஜில்லஸ் நிடுலன்ஸ் என்ற பூஞ்சையில் வெல்வெட் புரதங்கள் லாஏ என்ற இன்னொரு புரதத்தோடு உயிரணுக் கருவில் கூடி வேலை செய்வதை 2008-இல் காட்டினார்கள். நம் பூஞ்சையில் எஃப்.வி.வி.இ.1 என்ற வெல்வெட் மரபணுவை நீக்கினால் ஃபியூமோனிசின் போகிறது, கூடவே நாற்றுகளை நோயாக்கும் திறனும் போகிறது.

ஆயுதமா?

நச்சும் நோயும் ஒரே விசையில் விழுவதால் நச்சுதான் நோய்க்கான ஆயுதம் என்று முடிவு கட்டத் தோன்றும். பாதி சரி.

டெஜார்டின் குழு, நச்சு செய்ய முடியாத பூஞ்சைகளை வயலில் சோளக் கதிர்களில் ஏற்றிப் பார்த்தது. கதிர் அழுகல் வழக்கம்போலவே வந்தது. கதிரை அழுக வைக்க ஃபியூமோனிசின் தேவைப்படவில்லை. ஆக, நச்சில்லாமலும் கதிர் அழுகும், அழுகாத கதிரிலும் நச்சு இருக்கும். இந்தப் பூஞ்சை செடிக்குள் அறிகுறியே காட்டாமல் வேர் முதல் மணி வரை குடியிருக்கக் கூடியது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நாற்றில் கதை வேறு. வாழையிலிருந்து பிரித்த இதே இனப் பூஞ்சை ஒன்றுக்கு ஃபம் தொகுப்பே இல்லை. சோள நாற்றை அது தொந்தரவு செய்வதும் இல்லை. க்ளென் குழு 2008-இல் அந்த வாழைப் பூஞ்சைக்குள் ஃபம் தொகுப்பை முழுதாக ஏற்றியது. அது நச்சு செய்யத் தொடங்கியது, நாற்றின் இலைகளில் புண்ணும் வந்தது. எதிர்ப்பக்கம், நோய் தரும் பூஞ்சையில் ஃபம்1-ஐ எடுத்தால் இலைப்புண் வருவதில்லை. ஒரே செடியின் நாற்றுப் பருவத்தில் ஆயுதமாக இருப்பது கதிர்ப் பருவத்தில் தேவையற்றதாகிறது. நமக்குக் கேடு வருவதோ கதிர்ப் பருவத்து நச்சால்! பூஞ்சைக்கு எந்தப் பயனும் தெரியாத இடத்தில்தான் நாம் மாட்டிக்கொள்கிறோம். இந்த முழு வழக்கிலும் என்னை அசரவைத்த இடம் இதுதான். நோய் எதிர்ப்புள்ள சோள வகையைத் தேர்ந்தெடுத்தால் நச்சும் தானாகக் குறையும் என்று விதைக்காரர்கள் அலட்டிக்கொள்ளாமல் சொல்வதை நான் ஏற்கத் தயங்குவதும் இதனால்தான். இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

வயலில் பூஞ்சைக்குக் கதவு திறந்துவிடுவது பெரும்பாலும் தண்டுத் துளைப்பான் புழு. புழு குடைந்த மணியில் பூஞ்சை நேராக மாவுக்கே போய்விடுகிறது. விசை விழ வேண்டிய எல்லாம் அங்கே தயார். பூச்சி எதிர்ப்பு மரபணு ஏற்றிய சோளத்தில் ஃபியூமோனிசின் குறைவதன் காரணமும் இதுதான், பூஞ்சையோடு அந்த மரபணுவுக்கு நேரடிப் பகை எதுவும் கிடையாது. கதிர் முற்றும் காலத்து வறட்சியும் வெப்பமும் நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

கூழ்ப் பானை

சாட்ஸ்வொர்த்தில் ஆடிக் கூழுக்கென்று உறவினர் வயலில் விளைந்த மீலி ஒரு மூட்டை வந்திறங்கியது. பொறுக்க உட்கார்ந்தவர்களில் தமிழ் இன்னும் நாவில் நிற்கும் தலைமுறைப் பெரியம்மா ஒருவர். முறத்தில் மணியைப் பரப்பிக் கையால் தள்ளிக்கொண்டே, "தம்பி, பூசணம் புடிச்சத எடுத்துட்டா அம்மனுக்குக் குத்தமில்லயே?" என்றார்.

"எடுக்கிறதுதான் பெரியம்மா பாதி வேல. ஆனா ஊதாவா இருக்கிறத மட்டும் பாக்காதீங்க."

ஒரு மணியை எடுத்துக் காட்டினேன். பூசணம் இல்லை. கதிரின் பட்டுநூல் ஒட்டியிருந்த தழும்பிலிருந்து வெள்ளைக் கீற்றுகள் கதிர்போல விரிந்து கிடந்தன. அது இந்தப் பூஞ்சையின் கையெழுத்து. அடுத்ததில் ஊசித் துளையும் உள்ளே புழுவின் தூளும். இன்னொன்று நுனி உடைந்தது. அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இத நாங்க நல்லதுன்னுல போடுவோம்" என்றார். அப்புறம் என்னைவிட வேகமாகப் பொறுக்கினார்.

கண்ணால் பார்த்து நச்சை அளக்க முடியாது என்று மேலே சொல்லிவிட்டு இங்கே கண்ணால் பொறுக்கச் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. கிழக்குக் கேப்பின் சென்டானி பகுதியில் வீட்டுச் சோளத்தை வைத்து ஃபான் டெர் வெஸ்ட்ஹைசன் குழு செய்த ஆய்வு 2010-இல் வெளியானது. பழுதான மணிகளைக் கையால் பொறுக்கினார்கள். போனது மொத்த எடையில் 4 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. ஃபியூமோனிசினில் சராசரியாக 71 சதவீதம் அதோடு போய்விட்டது. மீதியை 10 நிமிடம் நீரில் ஊறவைத்து அலசி நீரைக் கொட்டியதில் இன்னும் 13 சதவீதம். நச்சு எல்லா மணியிலும் சமமாகப் பரவியிருப்பதில்லை, விசை விழுந்த சில மணிகளில்தான் குவிந்திருக்கிறது. புழுத்துளையும் வெடிப்பும் அந்த மணிகளின் அடையாளம். கண்டுபிடிப்புக்கு இடைஞ்சலாக இருந்த நீரில் கரையும் குணம் இங்கே நமக்கு உதவுகிறது. ஒன்று மட்டும்: ஊறிய நீரை வீணாகிறதே என்று கூழுக்கே ஊற்றிவிடக் கூடாது. அந்தச் சிக்கனம் வேறு தானியத்துக்குச் சரி, இதற்கு ஆகாது.

கொதிக்க வைத்தால் போய்விடாதா என்று கேட்பார்கள். போகாது. ஃபியூமோனிசின் கூழ் கொதிக்கும் சூட்டைத் தாங்கும். கணிசமாகச் சிதைய 150 டிகிரிக்கு மேல் வேண்டும்.

இனி அளவு. உலக உணவு, சுகாதார அமைப்புகளின் கூட்டுக்குழு 2001-இல் வைத்த தினசரி வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு 2 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 120. தென்னாப்பிரிக்காவின் 2016 சட்டப்படி உண்ணத் தயாரான மக்காச்சோள மாவில் கிலோவுக்கு 2000 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். சட்டத்தின் விளிம்பில் நிற்கும் மாவில் 60 கிராம் சாப்பிட்டாலே அன்றைய வரம்பு முடிந்தது. ஆடியில் நாலு நாள் கூழ் குடிப்பவர் இதற்குப் பயப்பட வேண்டியதில்லை, வரம்பு என்பது வாழ்நாள் முழுதும் அன்றாடம் உண்பதைப் பற்றியது. கடையில் வாங்கும் சூப்பர் ரக மாவில் தோலும் முளையும் பெரும்பாலும் போய்விடுவதால் நச்சும் பொதுவாகக் குறைவு. சலிக்காத மாவுக்குச் சத்து அதிகம், இந்த விஷயத்தில் ஆபத்தும் அதிகம். ஆனால் கிழக்குக் கேப்பின் கிராமங்களில் ஒருவர் அன்றாடம் உண்ணும் மக்காச்சோளம் 400 கிராம் அளவு. 400 கிராமை 2000 என்ற வரம்போடு பெருக்கினால் 800 மைக்ரோகிராம், அனுமதித்ததைப் போல ஆறரை மடங்குக்கு மேல். சட்டம் நகரத்தில் ரொட்டி தின்பவரை மனத்தில் வைத்து எழுதியது போல இருக்கிறது. அதுவும் வீட்டில் விளைந்து வீட்டிலேயே அரைபடும் சோளத்தை எந்தச் சட்டமும் எட்டிப் பார்ப்பதில்லை.

முறத்தில் பொறுக்கியது ஒரு சின்ன வாளி சேர்ந்தது. "கோழிக்குப் போடலாமா?" என்றார் பெரியம்மா. கோழி குதிரையைவிட நன்றாகவே தாங்கும். ஆனாலும் நச்சு குவிந்திருக்கும் அந்த 4 சதவீதத்தைத் தனியாக ஒரு உயிருக்குத் தீனியாகப் போடுவதை நான் ஒப்பவில்லை. பக்கத்துத் தெருவில் குதிரை வைத்திருப்பவர் கேட்டாலும் கொடுத்துவிட வேண்டாம் என்றேன். கிராமப்புறங்களில் பூசணம் பிடித்த சோளத்தை ஒதுக்கி வைத்து பீர் காய்ச்சும் வழக்கம் உண்டு. நச்சு நீரில் கரைவதால் பீரிலும் இறங்குகிறது, கிழக்குக் கேப்பில் வாழும் சோசா மக்களின் வீட்டு பீரில் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். எனவே வாளியை அதற்கும் தர முடியாது. குழி தோண்டி மூடுவது என்று முடிவாயிற்று. மீதி மீலியை அலச அண்டாவில் தண்ணீர் பிடிக்கப் போனார்கள்.